எல்லை மூன்று வகை: டெட்ரிஸ் ஆட்டம் கற்பிக்கும் பாடம்

‘இதற்கு மேல் மனிதனால் இயலாது’ என்னும் தீர்ப்பு, உலகில் மிக எளிதாக வழங்கப்படும் தீர்ப்பாகும். அதை வழங்குவோர் பெரும்பாலும் ஆராய்ந்து கண்டவர் அல்லர். முயன்று களைத்தவர், அல்லது களைத்தவரைக் கண்டவர். ஓர் எல்லை எதனால் எல்லையாயிற்று என்று கேட்பவர் சிலரே. அவ்வாறு கேட்பதால் விளையும் பயனைக் காட்டுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் டெட்ரிஸ் என்னும் வீடியோ விளையாட்டு.

மன்றத்தின் மலரில் விளையாட்டுக்கு இடம் ஏது என்று நண்பர் சிலர் எண்ணக்கூடும். இவ்விளையாட்டில் கணக்கு உண்டு, உடலியல் உண்டு, கணிப்பொறியின் உள்ளமைப்பு உண்டு, முப்பத்தைந்து ஆண்டு வரலாறும் உண்டு. அறிவியல் பயிலும் மாணவரும் கலை பயிலும் மாணவரும் ஒருங்கே கற்கத்தக்க செய்தி அதனுள் இருப்பதாக நான் கருதுகிறேன்.

ஆட்டத்தின் அமைப்பு

1984ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் பணிபுரிந்த அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் இவ்விளையாட்டைப் படைத்தார். நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்தால் கிடைக்கும் துண்டுகள் ஏழு வகை. அவை ஒவ்வொன்றாக மேலிருந்து விழும். ஆடுபவர் அவற்றைத் திருப்பியும் பக்கவாட்டில் நகர்த்தியும் அடுக்க வேண்டும். ஒரு கிடை வரிசை இடைவெளியின்றி நிரம்பினால் அவ்வரிசை மறையும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும்.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது, 1989ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் தன் வீட்டு விளையாட்டுப் பொறிக்கென வெளியிட்ட பதிப்பு. இன்று கைப்பேசியில் நம் விடுதி நண்பர்கள் ஆடும் பதிப்புகள் பலவற்றில், ஒரு துண்டை ஒதுக்கி வைத்துப் பின்னர் எடுக்கலாம். ஏழு வகையும் முறை வைத்து வரும். அப்பழைய பதிப்பில் இச்சலுகைகள் இல்லை. பலகையின் அகலம் 10 சதுரம். உயரம் 20 சதுரம். பத்துப் பத்து வரிசைகள் மறைய மறைய ஆட்டம் ஒருபடி உயரும்; துண்டுகளின் வேகமும் இடையிடையே கூடும்.

வேகத்தை அளக்க ஓர் அலகு வேண்டும். சினிமாப் படச்சுருளில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதுபோல, அப்பொறி விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையைப் புதிதாக வரைகிறது. அவ்வொரு வரைவைப் ‘பிரேம்’ என்பர். தொடக்கப் படியில் ஒரு துண்டு ஒரு வரிசை இறங்க 48 பிரேம் ஆகும். அதாவது உச்சியிலிருந்து தரை சேர 16 விநாடி. 18ஆம் படியில் வரிசைக்கு 3 பிரேம்; தரை சேர 1 விநாடி. 19ஆம் படியில் 2 பிரேம். 29ஆம் படியிலோ ஒரே பிரேம். உச்சியிலிருந்து தரைக்கு ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்கே! அதற்குப்பின் வேகம் கூடுவதில்லை. கூட்டவேண்டிய தேவையும் இல்லை என்றே அதை ஆக்கியோர் எண்ணியிருக்க வேண்டும்.

கொல்லும் திரை

29ஆம் படியை எட்டியவர்கள் சில நொடிகளில் தோற்றார்கள். ஆகவே அதற்குக் ‘கொல்லும் திரை’ என்று பெயரிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதுவே ஆட்டத்தின் முடிவு எனக் கருதப்பட்டது.

முடிவு இதுதான் என்று ஒத்துக்கொண்ட பிறகு, விளையாட்டின் நோக்கமே மாறியது. நீண்ட நேரம் உயிர்வாழ்வது நோக்கமன்று; கொடுக்கப்பட்ட வாழ்நாளுக்குள் எவ்வளவு மதிப்பெண் சேர்க்கலாம் என்பதே நோக்கமாயிற்று. 18ஆம் படியில் தொடங்குபவருக்குக் கொல்லும் திரை வருமுன் கிடைப்பவை 230 வரிசைகள். அவ்வளவுதான் முதல். அதை எப்படிச் செலவு செய்வது?

இங்கே ஒரு கணக்கு. ஒரு வரிசையைத் தனியே மறைத்தால் 40 மதிப்பெண்; இரண்டைச் சேர்த்து மறைத்தால் 100; மூன்றுக்கு 300; நான்குக்கு 1,200. இவற்றைப் படியெண்ணோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். 18ஆம் படியில் நான்கு வரிசைகளை ஒருசேர மறைத்தால் 22,800. அதே நான்கு வரிசைகளை ஒவ்வொன்றாக மறைத்தால் 3,040. ஒரே செலவுக்கு ஏழரை மடங்கு வருவாய் வேறுபாடு! எனவே வல்லவர்கள் வலக்கோடியில் ஒரு நெடுவரிசையை வெறுமையாக விட்டு, மற்றவற்றைச் சமமாக அடுக்கி, நான்கு சதுரமும் நேர்கோட்டில் அமைந்த நெடுங்கோலுக்காகக் காத்திருப்பர். அது வந்ததும் இடைவெளியில் செருகுவர்.

ஆனால் நெடுங்கோல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் ஒன்று. தொடர்ந்து முப்பது துண்டுகள் வந்தும் நெடுங்கோல் வராதிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று. நீண்ட ஆட்டத்தில் இது நேராமல் போகாது. நம் உழவர் மழைக்குக் காத்திருப்பதுபோல ஆட்டக்காரர் காத்திருப்பர்; அக்காலத்தை அவர்களும் ‘வறட்சி’ என்றே அழைக்கிறார்கள். அடுக்கு உயர உயர ஆபத்து. இடைவெளியை மூடிவிட்டால் மதிப்பெண் போயிற்று. எப்போது பொறுப்பது, எப்போது இழப்பை ஏற்பது என்று முடிவு செய்வதே அத்தலைமுறையின் கலை.

230 வரிசைகளையும் நான்கு நான்காக மறைத்தால் ஏறத்தாழ 14 இலட்சத்துக்கு மேல் வரும் என்று நான் கணக்கிட்டேன். பொறியோ 9,99,999க்கு மேல் எண்ணாது. அவ்வெண்ணை எட்டுவதே அந்நாள் ஆட்டக்காரரின் கனவு. அதனை எட்டிய ஆட்டம் முதன்முதல் சான்றுடன் பதிவானது 2009இல். எட்டியவர் ஹாரி ஹாங். 2010இல் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் இவ்வாட்டத்திற்கான உலகப் போட்டி தொடங்கியது. முதல் எட்டு ஆண்டுகளில் ஏழு முறை வென்றவர் ஜோனஸ் நியூபவர். இடையில் 2014இல் ஹாரி ஹாங் வென்றார். நியூபவரின் அடுக்கு முறையும் பதற்றமின்மையும் அக்கலையின் உச்சம் என்றே சொல்ல வேண்டும்.

எல்லை இருந்தது எங்கே?

இனி முக்கியமான வினாவுக்கு வருவோம். 29ஆம் படியில் மனிதன் ஏன் தோற்றான்? ‘வேகம் மிகுதி, மூளை ஈடுகொடுக்காது’ என்பது எளிய விடை. அது தவறான விடை. அடுத்து வரும் துண்டு எது என்பதைத் திரையே முன்கூட்டிக் காட்டுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் அதை எங்கே வைப்பது என்பதை அது விழத் தொடங்குமுன்பே முடிவு செய்துவிடுவார். தடை மூளையில் இல்லை, பொத்தானில் இருந்தது.

கன்ட்ரோலர் எனப்படும் கைப்பெட்டியில் திசைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், துண்டு உடனே ஒரு சதுரம் நகரும். பிறகு 16 பிரேம் தயங்கும். அதன்பின் 6 பிரேமுக்கு ஒரு சதுரம் வீதம் நகரும். அத்தயக்கத்தை ஒழிக்கும் உத்தியைப் பழைய ஆட்டக்காரர் அறிவர். ஆனால் அந்த 6 பிரேமை அவர்களால் குறைக்க முடியாது. செங்குத்தாகத் திருப்பிய நெடுங்கோலை இடக்கோடியில் சேர்க்க 5 நகர்வு வேண்டும். முதல் நகர்வு உடனே நேர்ந்தாலும் மற்ற நான்குக்கும் நான்காறு இருபத்துநான்கு பிரேம். 29ஆம் படியிலோ தரை சேரவே 20 பிரேம்தான்! பலகை முழுதும் வெறுமையாக இருந்தாலும் துண்டு சுவரை அடையாது. அடுக்கு உயர்ந்திருந்தால் சொல்லவே வேண்டா.

ஆகவே ‘மனிதனால் இயலாது’ என்ற தீர்ப்பின் உண்மைப் பொருள் என்ன? ‘பொத்தானை அழுத்திப் பிடிக்கும் மனிதனால் இயலாது’ என்பதே. நடுவில் இருந்த அந்தச் சில சொற்களை எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

விரலின் வரலாறு

அழுத்திப் பிடிக்காமல், ஒவ்வொரு நகர்வுக்கும் ஒருமுறை தட்டினால் என்ன? அப்போது பொறியின் 6 பிரேம் விதி நம்மைக் கட்டாது. விநாடிக்கு 12 முறை தட்டினால் 5 பிரேமுக்கு ஒரு நகர்வு. 15 முறை தட்டினால் 4 பிரேமுக்கு ஒரு நகர்வு. கட்டைவிரலை நடுக்கம் கொண்டதுபோல் அதிரச் செய்து இவ்வாறு தட்டும் முறையைத் தார் ஆக்கர்லண்ட் என்பவர் கையாண்டார். 1990இல் நின்டெண்டோ நடத்திய போட்டியில் வென்ற அவர், 2011இல் 30ஆம் படியை எட்டினார். கொல்லும் திரைக்கு அப்பாலும் இடம் உண்டு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

தெரிந்தும் பலர் அவ்வழி செல்லவில்லை. அம்முறை கையை வருத்தும், கற்கக் கடினம். பழைய முறையில் பல ஆண்டு பழகிய கை, புதிய முறைக்கு எளிதில் இணங்குவதும் இல்லை. பழைய போட்டிகளின் காணொளிகளைப் பார்த்து ஆட்டத்திற்கு வந்த இளைய தலைமுறைதான் அதைத் துணிந்து பற்றிக்கொண்டது. 2018இல் போர்ட்லண்டு நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில், 16 வயதான ஜோசப் சேலி, ஏழு முறை வென்ற நியூபவரை வென்றார். தோற்றவர் வென்றவரை மனமார வாழ்த்தினார். 2021 சனவரியில், 39ஆம் வயதில், நியூபவர் மறைந்தபோது, அவரைத் தோற்கடித்த முறையில் ஆடிய இளைஞர்களே அவரைத் தம் ஆசானாக நினைந்து வருந்தினார்கள். புதியவை வரும்போது பழையவர் நடந்துகொள்ள வேண்டிய முறையை அவர் காட்டிச் சென்றார் என்று நான் எண்ணுகிறேன்.

அடுத்த மாற்றம் இன்னும் வியப்பானது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் கிறிஸ்டோபர் மார்ட்டினெஸ் என்னும் ஆட்டக்காரர், ஆர்கேடு பொறிகளில் வேறொருவர் கையாண்ட உத்தியைக் கண்டு, அதனை இக்கைப்பெட்டிக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார். கட்டைவிரல் திசைப் பொத்தானின் மேல் மெல்லப் படிந்திருக்கும், அது தட்டாது. மற்றொரு கையின் விரல்கள் பெட்டியின் பின்புறத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டியே மேலெழும்பி, பொத்தானைக் கட்டைவிரலில் மோதச் செய்யும். விரல் பொத்தானைத் தேடிப் போகவில்லை. பொத்தான் விரலைத் தேடி வருகிறது! இதனை ‘உருட்டுதல்’ என்கிறார்கள்.

இது வேகமாக அமைவதன் காரணம் எளியது. ஒரே விரல் தட்டும்போது, தாழ்ந்த விரல் மீண்டும் உயர்ந்த பின்னரே அடுத்த தட்டு. நான்கு விரல்கள் பங்கிட்டுக்கொண்டால், ஒன்று தாழும்போது மற்றொன்று உயர்கிறது. மிருதங்கத்தில் விரைவுச் சொற்களை ஒரே விரலால் வாசிப்பாரும் உண்டோ? இதனை நான் என் அறை மேசைமேல் சோதித்துப் பார்த்தேன். ஆட்காட்டி விரலால் 10 விநாடியில் 58 தட்டுகள்; விரலும் ஓய்ந்துவிட்டது. நான்கு விரல்களையும் உருட்டியபோது பழக்கமில்லாமலே 110. நண்பர்களும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முயன்று பார்க்கலாம். பழகிய ஆட்டக்காரர் விநாடிக்கு 20 தட்டுகளையும் கடக்கின்றனர். 20 தட்டு என்றால் 3 பிரேமுக்கு ஒரு நகர்வு. நெடுங்கோல் 12 பிரேமில் கோடியை அடைந்துவிடும். கொல்லும் திரை யாரையும் கொல்லவில்லை.

பொறியின் எல்லை

மனிதன் தோற்காவிட்டால் ஆட்டம் எங்கே முடியும்? இப்போது பொறியின் முறை.

1989இல் நிரல் எழுதியவர்கள் யாரும் நூறு படிக்கு மேல் ஒருவர் வருவார் என எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 138ஆம் படியிலிருந்து, துண்டுகளின் வண்ணத்தைக் குறிக்கும் அட்டவணைக்கு வெளியே, தொடர்பில்லாத நினைவகப் பகுதியிலிருந்து பொறி எண்களைப் படிக்கிறது. விளைவாக யாரும் வகுக்காத வண்ணங்கள் தோன்றுகின்றன. 146ஆம் படியிலும் 148ஆம் படியிலும் துண்டுகள் கருமையான பின்னணியில் ஏறக்குறைய மறைந்தே போகின்றன.

அதையும் கடந்தால் வேறோர் ஆபத்து. அப்பொறியின் செயலிக்குப் பெருக்கத் தெரியாது. கூட்ட மட்டுமே தெரியும். ஆகவே படியெண்ணால் மதிப்பெண்ணைப் பெருக்குவதற்கு, அத்தனை முறை திரும்பத் திரும்பக் கூட்டுகிறது. 18ஆம் படியில் 19 கூட்டல். 155ஆம் படியில் 156 கூட்டல். இவ்வேலை முழுதும் ஒரு பிரேமுக்குள் முடிய வேண்டும். முடியுமுன் அடுத்த பிரேம் வந்துவிட்டால், நிரல் நடுவழியில் தடுமாறி, நினைவகத்தில் தவறான இடத்துக்குத் தாவிவிடக்கூடும். அப்போது பொறி உறைந்து நிற்கும். இந்நிலை 155ஆம் படியிலிருந்து நேரலாம்.

2021இல் ‘ஸ்டாக்ராபிட்’ என்னும் கணிப்பொறி நிரலை ஆடவிட்டபோது இவ்வுறைநிலை வெளிப்பட்டது. பிறகு ஆர்வலர்கள் பழைய நிரலை வரிவரியாகப் படித்து, எந்தப் படியில் எத்தனை வரிசை மறைத்தால் அது நேரும் என்று வகுத்தனர். 2023 டிசம்பர் 21ஆம் நாள், ஓக்லகோமா மாநிலத்தின் 13 வயதுச் சிறுவன் வில்லிஸ் கிப்சன், 1,511 வரிசைகளை மறைத்து 157ஆம் படியை அடைந்தபோது பொறி உறைந்தது. அப்பொறியை அந்நிலைக்குக் கொண்டுவந்த முதல் மனிதன் அவனே. அம்மாதத்தில்தான் அவன் தந்தையை இழந்திருந்தான். இவ்வெற்றியை அவருக்கே உரிமையாக்கினான். முப்பத்துநான்கு ஆண்டுகள் மனிதனே தோற்றுவந்த ஆட்டத்தில், அன்று பொறி தோற்றது.

2024 அக்டோபரில் மைக்கேல் ஆர்ட்டியாகா இன்னும் ஓரடி சென்றார். உறைநிலை நேராதவாறு திருத்தப்பட்ட பதிப்பில் 255ஆம் படியையும் கடந்தார். படியெண்ணைக் குறிக்கும் இடத்தில் 0 முதல் 255 வரையே எழுத முடியும். ஆகவே அடுத்த படி 256 அன்று, 0. ஆட்டம் தொடக்கத்துக்கே திரும்பிவிட்டது!

போட்டி நடத்துவோருக்குப் புதிய இடர் பிறந்தது. இருவரும் தோற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் போட்டி எப்போது முடியும்? எனவே 2023 முதல் உலகப் போட்டியில் 39ஆம் படியில் வேகத்தை இருமடங்காக்கினர். ஒருகாலத்தில் இயற்கையின் விதிபோல் நின்ற எல்லையை, இப்போது மனிதனே தன் வசதிக்காகப் புதிதாக நட வேண்டியதாயிற்று.

கணிதத்தின் எல்லை

அப்படியானால் எல்லை என்பதே இல்லையா? உண்டு. ஆங்கில எழுத்தாகிய எஸ் வடிவத் துண்டும் இசட் வடிவத் துண்டும் மாறிமாறி வந்துகொண்டே இருந்தால், 10 சதுர அகலப் பலகையில் எவர் ஆடினும், எவ்வளவு நேரம் கிடைப்பினும், 70,000 துண்டுகளுக்குள் தோற்றே தீர வேண்டும் என்று ஹெய்டி பர்ஜியல் 1997இல் மெய்ப்பித்தார். உண்மை ஆட்டத்தில் அத்தகைய தொடர் வருவதற்கான வாய்ப்பு இல்லையென்றே சொல்லுமளவு சிறிது. ஆயினும் அந்த எல்லை அசையாது. வேகமான விரலும் அதனைக் கடக்காது. நாளைய கணிப்பொறியும் கடக்காது. ஏனெனில் அது களைப்பிலிருந்து பிறந்த தீர்ப்பு அன்று, மெய்ப்பிக்கப்பட்ட உண்மை.

மூன்று எல்லைகள்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் காண்போம். 29ஆம் படியின் தடை, முறையின் எல்லை. முறையை மாற்றியதும் அது அகன்றது. 155ஆம் படிக்குமேல் நேரும் உறைநிலை, கருவியின் எல்லை. கருவியின் உள்ளமைப்பைப் படித்தவர்க்கு அது எங்கே உள்ளது எனத் தெரிந்தது. கருவியைத் திருத்தியதும் அதுவும் அகன்றது. பர்ஜியல் காட்டியது பொருளின் எல்லை. அது என்றும் அகலாது. அதை அறிந்து வணங்குவதே அறிவு.

மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றின் முன்னும் மனிதன் ‘இயலாது’ என்றே சொல்வான். கருவியின் எல்லையை முறையின் எல்லை என எண்ணினால் வீணே உடலை வருத்துவோம். பொருளின் எல்லையை அறியாவிட்டால் வாழ்நாளையே வீணாக்குவோம். ஆனால் நம் மாணவரிடையே நான் மிகுதியாகக் காணும் பிழை, முறையின் எல்லையைப் பொருளின் எல்லையாக எண்ணி விலகுவதே. ‘எனக்குக் கணக்கு வாராது’, ‘இந்த ஊர் மொழி என் நாவுக்கு ஏறாது’, ‘மேடை எனக்கு ஒவ்வாது’ என்று கூறும் நண்பர்கள் பலர். எந்த முறையில் முயன்றபோது வரவில்லை என்று அவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு முறையைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் இன்னும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் மறக்கலாகாது. உருட்டும் முறையைக் கண்டவர் அதனை மறைத்து வைத்திருந்தால் பல வெற்றிகள் அவருக்கே கிடைத்திருக்கும். அவர் வெளிப்படையாகக் காட்டினார். மற்றவர் கற்றனர், திருத்தினர், அடுத்தவர்க்குக் கற்பித்தனர். 13 வயதுச் சிறுவன் அடைந்த வெற்றியின் அடியில், தன் முறை பழையதாகும் என்று தெரிந்தும் கற்பித்த பெரியவர்களும், தன் கண்டுபிடிப்பைப் பொதுவாக்கிய இளைஞரும், பழைய நிரலை வரிவரியாகப் படித்தவர்களும் நிற்கின்றனர்.

தோழர்களே! நம் மன்றமும் அத்தகைய இடமாக விளங்கவேண்டும். தேர்வுக்குப் படிக்கும் முறையாயினும், ஆய்வுக்கூடத்தில் கண்ட சிறு உத்தியாயினும், அயல் மொழி பழகிய வழியாயினும், கண்டவர் காணாதவர்க்குச் சொல்லுக. கேட்பவர், ‘இயலாது’ என்னும் சொல்லை ஏற்குமுன், ‘எம்முறையில்?’ என்று ஒருமுறை கேட்க. அவ்வினாவுக்குப் பிறகும் அசையாத எல்லை உண்டாயின் அதனை மதிப்போம். மற்றவற்றைக் கடப்போம்.